நெய்யாற்றின்கரையில் சொல்லாமல் திரும்பியது

அன்று மதியம் என் மகள் டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நான் வேலை பார்க்கும் இணைய சேவை மையம் கேரள எல்லையோரப் பாறசாலையில், ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, நில வரி கட்ட, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் அனுப்ப என்று சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். கர்க்கடக மாதத்து, அதாவது ஆடி மாதத்து மழை. நனைந்த குடைகளின் வாடை, லேமினேஷன் இயந்திரத்தில் சூடான பிளாஸ்டிக்கின் வாடை, கீழே அடுப்பிலிருந்து ஏறிவரும் பஃப்ஸ் வாடை, மூன்றும் கலந்து அறையில் நின்றது.

அவள் எண் வந்தது. எழுந்து வந்து, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன மக்கா, உள்ள வாயேன்" என்றேன்.

"வேண்டாம்மா. இஞ்சயே இருக்கேன். ஒரு காரியம் செய்யணும்."

பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினாள். இரண்டு வாரத்துக்கு முன்பு நானே அச்செடுத்துக் கொடுத்த தாள். அவளுக்கு இடம் கிடைத்த உத்தரவு.

"இத வேண்டாம்னு குடுக்கணும்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் ஒருவர் கார்டு திருத்த நின்றிருந்தார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இந்தத் தொடரில் வாரா வாரம் எதையெதையோ எழுதிவிட்டேன். இதை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மகளை ஜின்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் தேய்த்த கல்

இடம் கிடைத்தது வடக்கே ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில். ரயிலில் இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்து மூன்றாம் நாள் போய்ச் சேரும் ஊர். ஐந்து வருடப் படிப்பு. நிலவியல், அதாவது பாறையையும் மண்ணையும் பற்றிய படிப்பு.

அது அவளுக்குத் திடீரென்று முளைத்த ஆசை இல்லை. ஏழாம் வகுப்பில் அம்பூரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்து எல்லோரும் படம் பிடிக்க நிற்கும்போது இவளைக் காணோம். தேடிப் போனால், ரப்பர் தோட்டத்து மேட்டில், ரோடு போட உடைத்துப் போட்டிருந்த கற்களுக்கு நடுவே பட்டுப்பாவாடையோடு குந்தியிருக்கிறாள். கையில் கருநீலமாக ஒரு கல்.

"அம்மா, இதப் பாருங்க. எண்ணெ தேய்ச்ச மாதிரி இருக்கு. ஆனா தொட்டா எண்ணெ இல்ல."

அந்தக் கல் எங்கள் வீட்டு ஜன்னல் திண்டில் ஏறியது. பிறகு ஆரியங்கோட்டிலிருந்து ஒன்று, ஆற்று மணலிலிருந்து ஒன்று என்று திண்டு நிறைந்தது. நான் துடைக்கும்போது முணுமுணுப்பேன். அவள் அப்பாதான், "கெடக்கட்டு, கல்லு சோறு கேக்குமா?" என்பார்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பதினெட்டு வருடமாக ஊரார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார். இதுவரை ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லாப் பிள்ளையும் இறங்கிய பிறகும் ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வேனைப் பூட்டுவார். அவரை வில்லனாக நினைத்து இதைப் படிக்க வேண்டாம். அப்படி நினைத்தால் நான் தப்பித்துவிடுவேன்.

பெயர் சொல்லாத காரியம்

ஒன்பதாம் வகுப்பில், பள்ளிக்கூடத்துக் காலை வணக்கத்தில் ஜின்சி விழுந்தாள்.

நான் போய்ச் சேரும்போது ஆசிரியர் அறையில் பெஞ்சில் படுத்திருந்தாள். யாரோ அவள் உள்ளங்கையில் ஒரு சாவிக் கொத்தைத் திணித்திருந்தார்கள். உதடு கடிபட்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "அம்மா, ரப்பர் கருகின மணம் வந்துச்சு. நான் யாரு அடுப்புல போட்டான்னு நெனச்சேன்" என்றாள்.

அப்புறம் எப்போதும் அப்படித்தான். முதலில் அந்த மணம் வரும். எங்களுக்கு வராது, அவளுக்கு மட்டும் வரும். "அம்மா, மணக்குது" என்பாள். நான் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி, அவளைத் தரையில் படுக்க வைத்து ஒருக்களித்துப் பிடித்துக்கொள்வேன். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் பக்கம் இதைச் சுழலி என்பார்கள். வீட்டில் அந்த வார்த்தையை நாங்கள் சொன்னதில்லை. வலிப்பு என்றும் சொன்னதில்லை. "அந்தக் காரியம்" என்போம். பக்கத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்று திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரையை ஒரு வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்தோம். பள்ளிக்கூடத்தில், சாப்பிடாமல் வந்ததால் மயக்கம் என்று சொன்னோம்.

இதில் என் வீட்டுக்காரருக்கு இருந்த பயம் புத்தகத்தில் படித்த பயம் இல்லை. அவருடைய சித்தி ஒருத்திக்கு இந்த நோய் இருந்தது. மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் ஒரு ஜீப்பில் கொண்டுவந்து, பெட்டியோடு முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனார்களாம். அதற்குப் பிறகு அந்தச் சித்தி நாற்பது வருடம் அண்ணன் வீட்டுச் சமையலறையில் இருந்து செத்தாள். சின்ன வயதில் அந்த ஜீப் வந்து நின்றதை இவர் பார்த்திருக்கிறார்.

மாத்திரை பிடித்துக்கொண்டது. பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருடமும் ஒன்றும் வரவில்லை. நாங்கள் மெல்ல மறக்கத் தொடங்கியிருந்தோம். அப்போதுதான் அந்தத் தாள் வந்தது.

ஒருத்தருக்காவது

இடம் கிடைத்ததும் டாக்டரைப் பார்க்கப் போனோம். விடுதியில் சேர ஒரு உடல்நலப் படிவம் உண்டு. அதில் ஒரு கேள்வி, வலிப்பு நோய் உண்டா இல்லையா என்று. இப்படிப் படிவங்களை ஒரு நாளைக்கு முப்பது பேருக்காவது நிரப்புகிறவள் நான். இந்தக் கட்டத்தில் மட்டும் என் கை நின்றது.

டாக்டர் அம்மா மலையாளத்தில் பேசினார். அவர் சொன்னதன் சாரம் இது. போகட்டும். மாத்திரையைத் தவறவிடக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, குளத்தில் ஆற்றில் இறங்கக் கூடாது. மலையேற்றம் இருந்தால் பக்கத்தில் ஆள் வேண்டும். படிவத்தில் உண்மையை எழுதுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அறையில் கூடத் தங்கும் ஒருத்திக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். "அதுபோல ஒரு ஆள் உண்டோ?"

ஜின்சி உடனே, "உண்டு" என்றாள். "ஆதிரா."

ஆதிராவை நுழைவுத் தேர்வு எழுதிய அன்றிலிருந்து தெரியும். தேர்வு மையத்தின் வாசலில் திடீர் மழையில், ஆதிராவின் அம்மா ஸ்ரீலதா தன் குடைக்குள் என்னை இழுத்துக்கொண்டார். நெய்யாற்றின்கரைக்காரர். உள்ளே பிள்ளைகள் எழுதிய மூன்று மணி நேரமும் நாங்கள் அந்த ஒரு குடைக்குள் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு பார்த்தால் இரண்டு பேருக்கும் அதே பல்கலைக்கழகத்தில் இடம். ஆதிராவுக்கு வேறு பாடம். ஆனால் ஒரே விடுதி. ஒரே அறை கேட்கலாம் என்று பிள்ளைகள் இரண்டும் போனில் தீர்மானித்து வைத்திருந்தன.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கியது. பத்து நாள். காலையில் வேன் எடுக்குமுன், சாயங்காலம் வேன் விட்ட பின், சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது.

"மூணு நாளு டிரெயினு. மேல் பெர்த்து கெடச்சா?" என்பார் அவள் அப்பா.

"கீழ் பெர்த்து கேட்டு எடுப்போம்."

"மலையில கல்லு பாக்கக் கொண்டுபோவாங்க. ஒரு விளும்புல நிக்கும்போ அந்த மணம் வந்தா?"

அதற்கு ஜின்சிதான் பதில் சொன்னாள். "விளும்புல நிக்க மாட்டேன்ப்பா. சார்கிட்ட முன்னாலயே சொல்லிடுவேன். சொல்லிட்டா அவங்க பாத்துக்குவாங்க."

"நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருப்பியா?"

"ஆமா. சொன்னா என்ன?"

ஒரு நாள் அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஹிந்தியில் ஐந்து வரி. தானே எழுதியது. கீழே மலையாளத்தில் பொருள். எனக்கு வலிப்பு வந்தால் பயப்படாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஒன்றும் வைக்காதீர்கள். நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். விடுதிச் சுவரில், கட்டிலுக்கு மேலே ஒட்டிக்கொள்ளப் போகிறாளாம்.

அவள் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நாடு முழுக்க போஸ்டர் ஒட்டப் போறியா மக்கா?" என்றார். குரல் உடைந்திருந்தது. "நாளைக்கு ஒருத்தன் கையில உன்னப் பிடிச்சுக் குடுக்கண்டாமா? அங்க படிக்கிற இந்த நாட்டுப் பிள்ள ஒண்ணாவது இத வந்து சொல்லாதா?"

"சொல்லட்டும். தெரிஞ்சு வாறவன் வந்தா போதும்."

பதினெட்டு வயதுப் பெண் சொன்ன அந்த வாக்கியத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் தகுதியில்லாதவர்கள். அன்று எனக்கு அது தெரியவில்லை. துடுக்கு என்று நினைத்தேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஊருக்கெல்லாம் வேண்டாம். ஆதிராவின் வீட்டுக்கு மட்டும் போய்ச் சொல்வது. அவர்கள் சம்மதித்தால் அனுப்புவது. அவரும் தலையாட்டினார். ஜின்சி தானும் வருகிறேன் என்றாள். பெரியவர்கள் பேசட்டும் என்று அவளை விட்டுவிட்டுப் போனோம்.

இரண்டு தொப்பி

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளி வேன்தான். நாங்கள் இரண்டு பேர், பின்னால் இருபது காலி இருக்கை.

நெய்யாற்றின்கரையில் டவுனைத் தாண்டி உள்ளே அந்த வீடு. ஸ்ரீலதா கேட்டுக்கே வந்து நின்றார். "கேறி வா, கேறி வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே பழம்பொரி வாசம். ஆதிரா அடுத்த தெருவில் டியூஷன் எடுக்கப் போயிருந்தாள். அப்பா வெளிநாட்டில். வீட்டில் ஸ்ரீலதா மட்டும்தான்.

உட்கார்ந்ததும் அவர் ஒரு பெரிய பையை இழுத்துக்கொண்டு வந்து சாமான்களை மேசையில் எடுத்து வைத்தார். பிளாஸ்டிக் கப் இரண்டு. பூட்டு இரண்டு. துணி காயப்போடும் கயிறு இரண்டு. கம்பளித் தொப்பி இரண்டு, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

"தணுப்புள்ள நாடல்லோ" என்றார். "வாங்கும்போ ரெண்டு பேருக்கும் சேர்த்தே வாங்கினேன். பச்சை ஜின்சிக்கு."

தொப்பியை என் மடியில் வைத்தார். அது இன்னும் கடை வாசம் மாறாமல் இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு, "ஸ்ரீலதா, ஒரு காரியம் சொல்லணும்" என்றேன்.

"பறயூ."

வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர், "டிரெயினுக்க காரியமாக்கும்" என்றார். "டிக்கெட்டு இப்பமே எடுக்கணும். பிந்தினா கிடைக்காது." பேச்சு டிக்கெட்டுக்குப் போனது. அங்கிருந்து ரயில் சாப்பாட்டுக்கு. அங்கிருந்து அவர் வேன் ஓட்டும் பள்ளிக்கு. எனக்குக் கோபம் வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஸ்ரீலதா டீ போட எழுந்தார். நானும் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். அங்கே என் வீட்டுக்காரர் இல்லை. என்னைத் தடுக்க யாரும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் என்னுடையது.

பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீலதா தீயைக் குறைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"லீலா, உன்னிடம் மட்டும் சொல்றேன். என் மோள் பயங்கரப் பேடிக்காரி, எதுக்கும் பயப்படுவா. ஒற்றைக்கு உறங்க மாட்டா. லைட்டு வேணும், ஆள் வேணும். ஜின்சி உள்ளதுகொண்டு மட்டும்தான் நான் விடுறேன். உன் பிள்ள நல்ல தைரியசாலியல்லோ. அவ பாத்துக்குவா."

அவர் கண்ணில் தண்ணீர். என் கையைப் பிடித்து அமுக்கினார்.

நான் சொல்லியிருக்கலாம். ஒருத்திக்கு இருட்டில் பயம், ஒருத்திக்கு இந்த நோய். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்மணி என்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார். இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அன்று எனக்குத் தோன்றியது வேறு. ஊரில் ஒருத்தி, என் மகளைத் தைரியசாலி என்கிறாள். அதைக் கேட்க எனக்கு இனித்தது. அந்த இனிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

"ஆமா, அவ பாத்துக்குவா" என்றேன்.

டீ குடித்தோம். பழம்பொரி தின்றோம். பச்சைத் தொப்பியோடு வேனில் ஏறினோம்.

"ம்"

உதியன்குளங்கரை வந்ததும் மழை பிடித்தது. அவர் ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"நீயும் சொல்லலியா?" என்றார்.

"இல்ல."

"சொல்லாதது நல்லது."

"பிள்ளகிட்ட என்ன சொல்ல?"

மழை விட்டதும் வண்டியை எடுத்தார்.

ஜின்சி கேட்டில் நின்றிருந்தாள். வண்டி நிற்குமுன்பே என் பக்கத்துக் கதவுக்கு ஓடி வந்தாள். "சொன்னீங்களா? என்ன சொன்னாங்க?"

அவர் இறங்கி, முற்றத்துக் குழாயில் காலைக் கழுவத் தொடங்கினார். குனிந்தபடியே சொன்னார். "சொன்னோம் மக்கா. அவியளுக்குப் பேடி. பிள்ளைகள் ஒண்ணா தங்காண்டாம்னு பறஞ்சாச்சு."

நான் இன்னும் வண்டிப் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் வைத்து நிற்கிறேன்.

"ஆதிராவும் இருந்தாளா?"

"இருந்தா."

"அவ ஒண்ணும் சொல்லலியா?"

"அவ என்ன சொல்ல? தலையக் குனிஞ்சிட்டு இருந்தா."

இப்படி ஒரு பொய்யை அவர் வழியில் யோசித்து வைத்திருந்தார் என்று நான் நம்பவில்லை. கேட்டில் அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது அது. மகளை வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ள ஒரு வழி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் அவருக்கு.

ஜின்சி என் பக்கம் திரும்பினாள். "அப்படியாம்மா?"

"ம்" என்றேன்.

தொப்பி என் பைக்குள் இருந்தது. அவள் பார்க்கவில்லை.

அவள் உள்ளே போய் ஆதிராவின் எண்ணைப் போனில் பிளாக் செய்து அழித்தாள். அன்று சாயங்காலம் ஸ்ரீலதா என்னைக் கூப்பிட்டபோது என் வீட்டுக்காரர்தான் போனை வாங்கிப் பேசினார். பிள்ளை இங்கேயே சேரப் பிரியப்படுகிறாள், மனசு மாறிவிட்டது, வருத்தம் வேண்டாம் என்றார்.

நான் ஜின்சியிடம், ஆதிரா இல்லாவிட்டால் என்ன, வேறு யாராவது என்று தொடங்கினேன். அவள் சிரித்தாள்.

"இவ்வளவு பழகினவளே இப்படின்னா, தெரியாதவிய எப்படிம்மா? அப்பா சொன்னதுதான் சரி."

ஆறு இலக்கம்

அடுத்த நாள்தான் அவள் டோக்கன் எடுத்து வரிசையில் உட்கார்ந்தது.

நான் பக்கத்தைத் திறந்தேன். பதிவு எண், பிறந்த தேதி. அவள் படம் வந்தது, பள்ளிச் சீருடையில். கீழே இரண்டு கட்டம். ஏற்கிறேன். விலகுகிறேன்.

"மக்கா, இன்னும் மூணு நாளு உண்டு" என்றேன். மெதுவாக. பின்னால் நின்றவருக்குக் கேட்காமல்.

"மூணு நாள்ல என்ன மாறும்?"

நான் மாற்றலாம். ஒரு வாக்கியம் போதும். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவள் கை ஈரமாக மேசைமேல் கிடந்தது. சொல்லிவிட்டால் அவள் போய்விடுவாள் என்று பயந்தேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. சொல்லிவிட்டால் நேற்று நான் சொன்ன "ம்" பொய் என்று தெரிந்துவிடும். அதற்குத்தான் பயந்தேன். மகளின் ஐந்து வருடத்தைவிட என் முகம் எனக்குப் பெரிதாக இருந்தது.

விலகுகிறேன் என்பதை அழுத்தினேன். ரகசிய எண் என் போனுக்குத்தான் வந்தது. விண்ணப்பத்தில் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். ஆறு இலக்கம். ஒவ்வொன்றாக அடித்தேன். உறுதிதானா என்று மறுபடி கேட்டது. மறுபடி அழுத்தினேன்.

"எவ்வளவு ஆச்சு?" என்றாள் ஜின்சி.

"என்ன மக்கா கேக்குறே?"

"எல்லார்கிட்டயும் வாங்குவீங்கல்லா."

சில்லறையை வைத்துவிட்டுப் போனாள். பின்னால் நின்றவர் உட்கார்ந்தார்.

பஸ் ஸ்டாண்டில்

இங்கே பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.காம். சேர்த்தோம். ஒன்றரை வருடம் போனாள். ஜன்னல் திண்டிலிருந்த கற்களை ஒரு நாள் பார்த்தேன், இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, "முற்றத்துல சகதிக்குப் போட்டாச்சு. கால் வழுக்காம இருக்கும்" என்றாள்.

ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் ஆதிரா இவளைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்து கட்டிப்பிடித்தாளாம். இவள் மரம்போல நின்றிருக்கிறாள். நீ ஏன் வரவில்லை, எத்தனை மெசேஜ் அனுப்பினேன், என்னைத் தனியாக அனுப்பிவிட்டாயே என்று அவள் அழுதிருக்கிறாள். பிறகு, "அம்மா குடுத்த தொப்பியாவது வச்சிருக்கியா, பச்சைத் தொப்பி?" என்று கேட்டிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் ஆறு மணிக்கு விளக்குப் போடும் நேரம். ஜின்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, தொப்பி எங்க?"

நான் எந்தத் தொப்பி என்று கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, என் கல்யாணச் சேலைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விலைச் சீட்டு இன்னும் கிழிக்காமல் தொங்கியது.

"அவங்ககிட்ட நீங்க சொல்லவே இல்ல. அப்படித்தானே?"

"ஆமா."

"அவங்க வேண்டாம்னும் சொல்லல."

"இல்ல மக்கா."

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் அப்பா வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கேயும் போகவில்லை. தொப்பியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கை கழுவினாள். தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். தொப்பி அங்கேயே கிடந்தது. அவர் வந்து உட்கார்ந்து அதைப் பார்த்தார். மூன்று பேரும் அதைச் சுற்றிக் கை நீட்டி மீன் குழம்பு எடுத்துக்கொண்டோம்.

அடுத்த மாதம் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள்.

கடை

எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்து படித்தவள். அவரும் ஜின்சியும் பேசுவது தமிழ், படித்தது மலையாளம். இந்த இதழ் வாரா வாரம் எங்கள் மேசையில்தான் கிடக்கிறது. படம் பார்ப்பார்கள், மூடிவைப்பார்கள். இதை எழுதத் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கோழை என்று நினைப்பீர்கள். சரிதான்.

ஜின்சி இப்போது வேலைக்குப் போகிறாள். மெயின் ரோட்டில் டைல்ஸும் கிரானைட்டும் விற்கும் கடை. பில் போடும் வேலை. கல் வாங்க வருகிறவர்களுக்கு அவளே எடுத்துச் சொல்வதும் உண்டாம். "இதுக்குப் பேரு கிரானைட் இல்ல, கடையில அப்படிச் சொல்லுவோம்" என்பாளாம். முதலாளி முதலில் முறைத்தார், பிறகு விட்டுவிட்டார் என்று கேள்வி. இதெல்லாம் அவள் எனக்குச் சொன்னது இல்லை. கடையில் கூட வேலை பார்க்கும் ஷீபா சொன்னது.

போன வாரம் மழை வரும்போலிருந்தது. குடையை விட்டுவிட்டுப் போயிருந்தாள். கொண்டு கொடுக்கலாம் என்று மதியம் கடைக்குப் போனேன். ஜின்சி பின்பக்கம் யாருக்கோ கல் காட்டிக்கொண்டிருந்தாள். ஷீபா என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாள்.

"இப்பம் ஜின்சிக்கு எப்படி இருக்கு அம்மா? டாக்டர் மாத்திரை கூட்டினாரா?"

"என்ன மாத்திரை?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கழிஞ்ச மாசம் இஞ்ச வச்சு வந்துல்லா. ரெண்டு தடவ. நாங்க ஒண்ணும் பதறல. சேர்ந்த அன்னைக்கே அவ எல்லாரயும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா, வந்தா இன்னின்ன செய்யணும்னு. நான்தான் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டேன். முதலாளி நேரம் பாத்தாரு. அம்மைக்கு விளிக்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னா. வீட்டுல பேடிச்சுப் போவாங்கன்னா."

நான் கையிலிருந்த தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் ஷீபா.

"தெரியும், தெரியும்" என்றேன்.

மூன்று வருடத்துக்கு மேலாக வராதது மறுபடி வந்திருக்கிறது. தனியாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாளா, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா, எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடையில் பாரம் தூக்கும் ஆளுக்குக்கூட என் மகளைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

ஜின்சி வந்தாள். கையில் கல்தூள். "என்னம்மா?"

"குடைய விட்டுட்டு வந்தே."

"வச்சிட்டுப் போங்க" என்றாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்று பரிமாறினேன்.

"கடையில ஏதும் விசேஷம் உண்டா மக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா."

அவர் வேனைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தார். தினமும் வந்ததும் கேட்கிற கேள்வி, என்னிடம்தான் கேட்பார், அவளிடம் நேராகக் கேட்பதை விட்டு நாளாயிற்று.

"பிள்ளைக்குச் சொகம்தானே?"

"சொகம்தான்" என்றேன்.

ஜின்சி தலையை நிமிர்த்தி என்னை ஒரு முறை பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு தட்டை முன்னால் நகர்த்தி, ரசம் கேட்டாள்.